சுமையும் வலிமையும்

எங்கள் பங்கு ஆலயத்தின் பின்புறம், கடலைப் பார்த்தபடி, ஓடு வேய்ந்த ஓர் அறை உண்டு. முன்னொரு காலத்தில் தேர்வடமும் திருவிழாச் சாமான்களும் வைத்திருந்த அறை அது. கப்பல் வேலைக்குச் சென்ற நம்மூர் இளைஞர் சிலர் திரட்டி அனுப்பிய பணத்தில் இரும்புக் கம்பிகளும் எடைத்தட்டுகளும் வாங்கப்பட்டு, அது உடற்பயிற்சிக்கூடமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சுவரில் ஆளுயரக் கண்ணாடி; மூலையில் இரண்டு கர்லாக்கட்டைகள்; கதவுக்கு மேலே புனித அந்தோணியார் படம். மாலை வேளைகளில் அங்கிருந்து எழும் இரும்பின் ஓசை பங்கு இல்லத்தில் அமர்ந்திருக்கும் எனக்குக் கேட்கும். ஆலயமணியையும் அலையோசையையும் போல அதையும் ஊரின் இயல்பான ஓசைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருந்தேன். அது ஆண்கள் மட்டுமே எழுப்பும் ஓசை என்பது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

2023ஆம் ஆண்டு பனிமய அன்னை திருவிழா முடிந்த சில நாட்களில் ஒரு மாலை, மூன்று பெண்கள் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். தந்தை கடலுக்குப் போய்த் திரும்பாதவர். தாய் உப்பளத் தொழிலாளி.

“சாமி, ஒரு சோலியா வந்தோம். பின்னாடி இருக்க ஜிம்மு சாவி எங்களுக்கும் வேணும். காலையில அஞ்சு மணிக்குப் பையங்க யாரும் வர்றதில்ல. அந்த நேரத்துல நாங்க வந்துக்கிடுதோம்” என்றாள்.

கல்லூரியில் பளுதூக்கும் பயிற்சி பெறுவதாகவும், விடுமுறை நாட்களில் அது தடைப்படுவதாகவும், கூட வந்த இருவருக்கும் கற்றுத்தர விரும்புவதாகவும் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே, “ஏம்மா, வீட்டுல சுமக்குறது போதாதா? உங்க அம்மா உப்புச் சுமந்து சுமந்து இடுப்பு வலியில கிடக்கா. நீ வேற இரும்பு சுமக்கணுமா?” என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. “அம்மா தூக்குறது சுமை, சாமி. எவ்வளவுன்னு கணக்கப்பிள்ளை சொல்லுவாரு. இது அப்படியில்ல. எவ்வளவு தூக்கணும்னு நான் சொல்லுவேன்.”

எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. மறுமொழி கிடைக்காதபோது குருக்கள் வழக்கமாகச் சொல்வதையே நானும் சொன்னேன்: “பார்ப்போம் மகளே. பங்குப் பேரவையில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.” பங்குத்தந்தை ‘பார்ப்போம்’ என்றால் என்ன பொருள் என்பது பங்கு மக்களுக்குத் தெரியும். மூவரும் தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

* * *

இந்தக் கடற்கரையில் பெண்ணின் தலை வெறுமையாக இருந்த காலம் ஒன்று இருந்ததாக நான் அறியேன். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்திலேயே உமணர் மகள் உப்பை விலை கூறிச் செல்கிறாள். இன்றும் தருவைகுளத்திலிருந்து ஆறுமுகநேரி வரை வெள்ளைப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. இந்திய நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. தமிழக உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரையினது. அந்த உப்பைப் பாத்தியிலிருந்து அம்பாரத்துக்குக் கொண்டுசேர்ப்பதில் பெண்களின் தலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விடியுமுன் தொடங்கும் வேலை. உப்புநீரில் ஊறிய பாதங்கள் வெடிக்கும். வெயிலில் பாத்தியின் வெண்மை கண்களைச் சுடும். மீன்கடகத்தைச் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்ற பெண்களின் கதையும் இதுவே. தலைக்கும் கடகத்துக்கும் நடுவே சும்மாடு மட்டுமே அவர்களுக்குக் கிடைத்த சலுகை.

இவ்வளவு சுமக்கும் பெண்களை நாம் வலிமையானவர்கள் என்று அழைத்திருக்கிறோமா? ‘பாவம், உழைப்பாளி’ என்றோம், ‘பொறுமைசாலி’ என்றோம். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்மணி ஒருவரை, மீன் வாடை வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், முதலமைச்சரே கண்டித்தார். நாள் முழுவதும் சுமந்த அந்த உடலுக்கு உட்கார ஓர் இருக்கையைத் தரச் சிலருக்கு மனம் வரவில்லை என்பதே என்னை உறுத்தியது. உடலின் உழைப்பு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த உடலுக்குரிய மதிப்பு அவருக்குத் தரப்படவில்லை.

அந்த மாணவி சொன்ன சொல்லின் பொருள் எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. சுமப்பதற்கும் தூக்குவதற்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. எடையில் அந்த வேறுபாடு இல்லை. எவ்வளவு, எப்போது, எதுவரை என்பதை முடிவு செய்பவர் யார் என்பதில் இருக்கிறது.

ஆயினும் விளங்கியதற்கேற்ப நான் உடனே செயல்பட்டேன் என்று சொல்வதற்கில்லை. பங்குப் பேரவையில் பேச்சு வந்தபோது பெரியவர் ஒருவர், “கருப்பை இறங்கிவிடும்” என்றார். இன்னொருவர், “ஆம்பிளை மாதிரி தோள் விரிஞ்சா யாரு கட்டுவான்?” என்றார். பெண் உறுப்பினர் ஒருவரே, “கண்ணாடி முன்னால நின்னு பாக்குற பழக்கம் நல்லதில்ல” என்றார். கூட்டத்தை நடத்தியவன் நான். ‘அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்’ என்று முடித்தவனும் நான். அடுத்த கூட்டத்தில் கல்லறைத் திருநாள் ஏற்பாடுகளைப் பேசினோம். எதிர்ப்புச் சொன்னவர்களைவிட, எதிர்ப்பும் சொல்லாமல் ஒப்புதலும் தராமல் நாட்களைக் கடத்திய நானே அப்பெண்களுக்குப் பெரிய தடையாக இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

* * *

அந்த ஆண்டு நவம்பர் 19 பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறு. மறையுரைக்காக முதல் வாசகத்தை எடுத்து வைத்தேன். நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரம்: நல்ல மனைவியைப் பற்றிய புகழ்ப்பா. எத்தனையோ முறை வாசித்த பகுதி. அன்றைக்கு ஏனோ வாசக நூலில் அதன் எண்களைக் கவனித்தேன். 10 முதல் 13 வரை. பிறகு 19, 20. பிறகு 30, 31. நடுவில் இருப்பவை எங்கே?

திருவிவிலியத்தை எடுத்து விடுபட்ட வசனங்களைப் படித்தேன். தொலைவிலிருந்து உணவு கொண்டுவரும் வணிகக் கப்பலோடு அப்பெண் ஒப்பிடப்படுகிறாள். ஒரு நிலத்தைப் பார்த்து மதிப்பிட்டுத் தானே வாங்குகிறாள். தன் வணிகம் ஆதாயமுடையது என்று அறிந்திருக்கிறாள். இவற்றுக்கு நடுவே 17ஆம் வசனம்: அவள் இடையை வலிமையால் வரிந்து கட்டுகிறாள், தன் கைகளை உரமேற்றிக்கொள்கிறாள். ஞாயிறு வாசகத்தில் நூல் நூற்கும் கை இருக்கிறது. ஏழைக்கு நீளும் கை இருக்கிறது. உரமேறிய கை மட்டும் இல்லை. நீளம் கருதிச் சுருக்கியிருப்பார்கள். குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் துறைமுக நகரின் மக்களுக்குக் கப்பலையும், உப்புச் சுமக்கும் பெண்களுக்கு உரமேறிய கைகளையும் ஒருமுறையேனும் எடுத்துச் சொல்லாமல் இத்தனை ஆண்டு மறையுரை ஆற்றியவன் நான் அல்லவா?

குருமடத்தில் எபிரேய மொழி வகுப்பில் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. இப்புகழ்ப்பாவின் முதல் வரியில் வரும் சொல் ‘ஏஷெத் ஹயில்’. ‘ஏஷெத்’ என்பது பெண். ‘ஹயில்’ என்பது ஆற்றல், வீரம். படை என்ற பொருளிலும் அது வரும். விடுதலைப் பயண நூலில் பார்வோனின் சேனைக்கு அந்தச் சொல்தான். நீதித் தலைவர்கள் நூலில் வானதூதர் கிதியோனை வீரன் என்று அழைக்கும்போதும் அந்தச் சொல்தான். ஆணுக்கு வரும்போது வீரம் என்றும் வலிமை என்றும் பெயர்க்கப்படும் சொல், பெண்ணுக்கு வரும்போது நற்குணம் ஆகிவிடுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவள் ‘குணசாலி’. பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மை என்றும் சொல்ல முடியாது.

அன்று மறையுரையில் விடுபட்ட 17ஆம் வசனத்தை விளக்கினேன். திருப்பலி முடிந்ததும், சக்ரீஸ்து அறையில் தொங்கிய சாவிக்கொத்திலிருந்து அந்த அறையின் சாவியைக் கழற்றி மாணவியிடம் கொடுத்தேன். மூன்று மாதத் தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். “பரவால்ல சாமி” என்றாள். அவள் முகத்தில் வெற்றிப் பெருமிதம் எதையும் நான் காணவில்லை. அன்றிரவே மூவரும் அறையைக் கூட்டிக் கழுவினார்கள் என்று உபதேசியார் சொன்னார்.

* * *

ஒரு மாதம்கூட நிறையவில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இம்மாவட்டத்தார் எவரும் மறக்கமுடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் அறையிலும் முழங்காலளவு நீர். நீர் வடிந்தபோது கம்பிகளும் தட்டுகளும் சேறும் துருவுமாகக் கிடந்தன. நிவாரண வேலைகள் முடிந்து ஊர் ஒருவாறு மூச்சுவிட்ட பிறகு, அப்பெண்கள் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு ஒவ்வொரு தட்டாகத் தேய்த்தெடுத்தார்கள். அதைக் கண்ட இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். காலை பெண்களுக்கு, மாலை ஆண்களுக்கு என்னும் ஏற்பாடு பேரவைத் தீர்மானம் ஏதுமின்றியே நிலைபெற்றது.

ஐயம் தெளியவேண்டி நானும் சில நாள் அதிகாலையில் சென்று வாசற்படியில் அமர்ந்து கவனித்தேன். முரட்டுத்தனம் ஒன்றும் அங்கே இல்லை. குறிப்பேடு ஒன்று இருந்தது! யார், எந்த நாள், எத்தனை கிலோ, எத்தனை முறை என்று அதில் எழுதுகிறார்கள். தொடக்கத்தில் தட்டில்லாத வெறுங்கம்பி. முதுகு நேராக இருக்கிறதா, எடை கால்களில் இறங்குகிறதா என்பதை மற்றவள் பார்த்துச் சொல்கிறாள். கண்ணாடி எதற்கு என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சரியாக வந்தால் மறு வாரம் சிறிது கூட்டுகிறார்கள். எங்கள் அறையில் சிறிய தட்டுகள் இல்லை. ஆகவே தண்ணீர்ப் புட்டிகளில் மணல் நிரப்பி, தராசில் நிறுத்து, கம்பியின் இரு முனைகளிலும் கட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பயிற்சியின் அடிப்படை எளிது. உடல் பழகிய அளவைவிடச் சற்றே கூடுதலான எடையை அதற்குத் தரவேண்டும். பிறகு ஓய்வும் உணவும் தரவேண்டும். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது அதற்குப் பின்னரே. தசை வளர்வதும் தூக்கும் நேரத்திலன்று, ஓய்வில். ஆண்களுக்கு மிகுதியாகச் சுரக்கும் இயக்குநீர் பெண்களிடம் மிகக் குறைவு. ஆதலால் சாதாரணப் பயிற்சியால் பெண்ணுடல் ஆணுடல் போல் ஆகிவிடுவதில்லை. எலும்புக்கும் இதனால் நன்மை உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு விரைவாகத் தேய்கிறது. எடைப்பயிற்சி அத்தேய்வை மெதுவாக்குகிறது. வயது வந்தோர், முதியோர் உட்பட, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

முதுமை இதற்குத் தடையன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியதரோன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கான எடைப்பயிற்சி அளித்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நம் தமிழகத்திலேயே, பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் என்னும் மூதாட்டி 2024இல் தம் 82ஆம் வயதில் கோவையில் நடந்த வலுதூக்கும் போட்டியில் இளம்பெண்களோடு நின்று 50 கிலோ தூக்கினார்.

உப்பளத்தில் இதற்கு நேர்மாறு. எடை படிப்படியாகக் கூடுவதில்லை. முதல் நாளே முழுக்கூடை. தூக்கும் முறையைச் சொல்லித் தருவார் இல்லை. ஓய்வு இல்லை, உழைப்புக்கு ஈடான உணவும் இல்லை. உடலை வளர்க்கும் அதே எடை, இந்த மூன்றும் இல்லாதபோது உடலைத் தேய்த்துவிடுகிறது. அந்தத் தாயின் இடுப்பு வலிக்கும் மகளின் தோள் உரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுதான்.

* * *

பெண்கள் எடை தூக்குவது நேற்று வந்த நாகரிகம் என்பார் உண்டு. உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது. 1896ஆம் ஆண்டின் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்கள் பளு தூக்கினார்கள். பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1987இல்தான் நடந்தது. ஒலிம்பிக் கதவு அவர்களுக்குத் திறந்தது 2000ஆம் ஆண்டு, சிட்னியில். திறந்த அதே ஆண்டில் ஆந்திரத்து ஸ்ரீகாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி 110, 130 என மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மணிப்பூரின் மீராபாய் சானு, சிறுமியாக இருந்தபோது அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தூக்கி வந்தவர் என்று அவர் குடும்பத்தார் கூறுவதுண்டு. அந்த விறகுக்கட்டு சுமையாகவே முடிந்திருக்கலாம். அதில் வலிமையைக் கண்டு வளர்க்க ஆட்கள் வாய்த்தார்கள்.

நம் தென்மாவட்டங்களுக்கும் இதில் ஒரு மரபு உண்டு. ஊர் மந்தையில் கிடக்கும் உருண்டையான இளவட்டக்கல்லை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கித் தோளேற்றிப் பின்னால் போடும் இளைஞனுக்கே பெண் என்பது பழைய வழக்கு. கல்யாணக்கல் என்றே அதற்குப் பெயருண்டு. அக்கல்லைச் சுற்றி நின்று பார்ப்பது மட்டுமே பெண்களின் வேலையாக இருந்தது. இன்று திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் களமிறங்குகிறார்கள். 50 கிலோவுக்கு மேற்பட்ட கல்லைச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தூக்குகிறார்கள். ஒரு காலத்தில் யாருக்கு மாலையிடுவது என்பதை அவர்களுக்காக முடிவுசெய்த கல் அது. இப்போது அதே கல் அவர்களுடைய கைகளில்.

* * *

உப்பளத்தில் மழைக்காலம் வேலையற்ற காலம். வெள்ளத்தால் பாத்திகள் சேதமடைந்திருந்ததால் அவ்வாண்டு வேலை தொடங்கவும் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் ஒருநாள் மாணவியின் தாயும் அறைக்கு வந்தார். மகள் தட்டு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு தும்புக்கட்டைக் கம்பைக் கையில் கொடுத்து, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனிந்து எழச் சொன்னாள். பத்து நாள் அதுவே பயிற்சி. பிறகு வெறுங்கம்பி. சில வாரம் கழித்து அத்தாய் என்னிடம் சொன்னார்: “இருவது வருசமா தூக்குதேன் சாமி. தூக்குறது எப்படின்னு இப்பந்தான் தெரிஞ்சுது.” இடுப்பு வலி முற்றும் நீங்கியதா என்று கேட்டேன். இல்லை, பாதி குறைந்திருக்கிறது என்றார். பொய் கலவாத பதில்.

உப்பளம் தொடங்கிய பின் நடந்ததை அவரோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி கூறக் கேட்டேன். கூடையில் உப்பை வாரிப் போடுகிறவர் வழக்கம்போலக் குவித்துக்கொண்டே போனாராம். இந்த அம்மா கூடையின் மேல் கையை வைத்து, “போதும்” என்றாராம். அவ்வளவுதான். கத்தவில்லை, சண்டையிடவில்லை. அவர் நிறுத்திவிட்டார். மறுநாள் ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்று சொல்லப்பட்டது. இரண்டு நாள் கூலி போயிற்று. மூன்றாம் நாள் ஆள் போதாமல் அழைத்துக்கொண்டார்கள். இப்போது வேறு இரண்டு பெண்களும் கூடை மேல் கை வைக்கிறார்கள். மற்றவர்கள் வைப்பதில்லை, அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை.

‘போதும்’ என்ற சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. தன்னால் எவ்வளவு முடியும் என்பதைக் கிலோ கணக்கில் அறிந்த ஒருவருக்குத்தான், எவ்வளவு முடியாது என்பதையும் அச்சமின்றிச் சொல்ல வருகிறது. நெடுங்காலம் அவருடைய உடலின் அளவைப் பிறர் வைத்திருந்தார்கள். இப்போது அது அவர் கையிலேயே, குறிப்பேட்டில், மகளின் கையெழுத்தில் இருக்கிறது.

எனினும் இரும்புக் கம்பியை நான் அற்புத மருந்தாக விற்க வரவில்லை. நியாயமான கூலி, நிழல், குடிநீர், காலுறை, மருத்துவம் ஆகிய எதற்கும் உடற்பயிற்சி மாற்றாகாது. உடல் வலிமை ஒரு பெண்ணை எல்லாத் தீங்கிலிருந்தும் காத்துவிடும் என்பதும் உண்மையன்று. காலையில் அறைக்கு வரும் பெண்களுள் ஒருவர், குடித்துவிட்டு வந்த கணவனிடம் அடிபட்டார். மூன்று மாதம் பயிற்சி செய்தவர்தான். முன்பெல்லாம் முகத்தில் காயம் கண்டு கேட்டால், படியில் விழுந்தேன் என்பார். இம்முறை மறுநாள் காலையிலேயே பங்கு இல்லத்துக்கு வந்து, நடந்ததை நடந்தவாறு சொன்னார். அருட்சகோதரிகள் அவரை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். “திருப்பி அடிக்கணும்னு தோணல சாமி. சொல்லணும்னு தோணுச்சு” என்றார். இரும்பு தூக்கியதால்தான் அவர் வாய் திறந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நாள்தோறும் விடியலில் தன்னையொத்த எட்டுப் பெண்கள் தன் பெயர் சொல்லி, ‘இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு’ என்று ஊக்கும் ஓர் இடம் அவருக்குக் கிடைத்திருந்தது என்பதை மட்டும் சொல்வேன்.

வலிமை என்றால் பிறரை அடக்குவது என்றே ஆண்களாகிய நாம் பெரும்பாலும் கற்றிருக்கிறோம். அந்த அறையில் அவர்கள் கற்பது வேறு. கம்பி மார்பின் மேல் நின்று எழ மறுக்கும் வேளையில், தலைமாட்டில் நிற்பவள் இரு விரலால் தொட்டு உதவுகிறாள். அவள் அங்கே நிற்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் படுத்திருப்பவள் தன் முழு பலத்தையும் சோதித்துப் பார்க்கத் துணிகிறாள்.

இக்காட்சி எனக்கு எங்கள் கடலின் பழைய காட்சியொன்றை நினைவூட்டுகிறது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதில் குளித்த முதியவர்கள் சிலரிடம் நான் இளங்குருவாக இருந்தபோது பேசியிருக்கிறேன். முத்துக்குளிப்பவர் ஒரு கல்லின் கயிற்றில் கால்வைத்து இறங்குவார். கல்லின் எடைதான் அவரை விரைவாகப் பாருக்குக் கொண்டுசெல்லும். அடியைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். சிப்பி நிறைந்ததும் கயிற்றை அசைத்தால் அவரையும் மேலேற்றுவார். கயிறு பிடிப்பவர் நம்பிக்கைக்குரிய உறவினராக, பெரும்பாலும் மைத்துனராக இருப்பார் என்று சொல்வதுண்டு.

அந்தக் கல்லும் எடைதான். ஆனால் குளிப்பவர் கல்லுக்கு அடிமையில்லை. வேண்டும்போது கால்வைத்தார், வேலை முடிந்ததும் விட்டுவிட்டார். அது அவரை ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் கருவி. எங்கள் கடற்கரைப் பெண்களின் தலைமேல் தலைமுறை தலைமுறையாக ஏற்றப்பட்ட கல்லை இறக்கிவைக்க யாரும் சொல்லவில்லை. கயிறு பிடிக்கவும் ஆளில்லை. இப்போது சிலர் தாங்களே தேர்ந்த எடையோடு தங்கள் ஆழத்துக்கு இறங்கிப் பார்க்கிறார்கள். ஒருவர் இறங்க மற்றவர் கயிறு பிடிக்கிறார்.

விடியற்காலை முதல் மணி அடிக்குமுன்பே இப்போது எனக்கு இரும்பின் ஓசை கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டேதான் செபப் புத்தகத்தைத் திறக்கிறேன். வாசகர்களுக்கும், குறிப்பாக என் சகோதர குருக்களுக்கும், ஒரு சிறு விண்ணப்பம். பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறு மூன்றாண்டுக்கு ஒருமுறை இந்த வாசகத்தோடு வருகிறது. அடுத்த முறை வரும்போது, விடுபட்ட வசனங்களையும் மக்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பங்கிலும் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை இருக்கக்கூடும். சாவி கேட்டு யாரேனும் வாசலில் வந்து நின்றால், ‘பார்ப்போம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.